சூரை சாப்பிட்டு வீடே சொறிஞ்சா அது அலர்ஜியோ? வாசகர் கேள்வி பதில்

கச்சான் காத்து தொடங்கினாலே எனக்கு வாற கடிதத்தில பாதி மூக்கு, தும்மல், சொறி பற்றித்தான். இந்தமுறை ஒருத்தர் "எனக்குக் கச்சான் ஒத்துவரேல்ல, என்ன செய்ய" எண்டு மட்டும் எழுதியிருக்கிறார். காத்தோ, கோயிலடியில சுருள் கட்டி விக்கிற கொட்டையோ எண்டு சொல்லேல்லையே ஐயா. அடுத்த கடிதத்தில விளக்கமா எழுதுங்கோ, ரெண்டுக்கும் வைத்தியம் வேற.

கேள்வி: போன கிழமை சூரை மீன் குழம்பு வச்சனான். சாப்பிட்டு அரை மணித்தியாலம் இருக்காது, எனக்கு முகமெல்லாம் சிவந்து, சூடாகி, தலையிடி, நெஞ்சு படபடப்பு. இவருக்கும் அப்பிடித்தான், மாமிக்கு வயித்தோட்டம் வேற. இனி நாங்க மீனே தொடக்கூடாதோ?
திருக்கடலூர் வாசகி

பதில்: தங்கச்சி, ஒரே சட்டியில சாப்பிட்ட மூண்டு பேருக்கும் ஒரே நேரத்தில வந்திருக்கு, அதுதான் இதில முக்கியமான துப்பு. அலர்ஜி எண்டுறது ஆளின்ர உடம்புக்குள்ள இருக்கிற விசயம், அது மாமிக்கும் மருமகளுக்கும் மகனுக்கும் சேர்த்து ஒரே மத்தியானத்தில வாறது அபூர்வம். உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் ஹிஸ்டமின் நஞ்சு. சூரை, கும்பளா மாதிரி மீன்களிட சதையில ஹிஸ்டிடின் எண்டு ஒரு பொருள் நிறைய இருக்கு, மீன் ஐஸ் இல்லாம கிடந்தா கிருமிகள் அதை ஹிஸ்டமினா மாத்திப்போடும். அலர்ஜி வரேக்க எங்கட உடம்பு தானா விடுறதும் அதே ஹிஸ்டமின்தான், அதாலதான் பாக்க அச்சு அசல் அலர்ஜி மாதிரியே இருக்கும்.

எரிச்சல் என்னெண்டா, ஒருக்கா உண்டான ஹிஸ்டமினை எவ்வளவு கொதிக்க வச்சாலும் அழிக்கேலாது, புளி கூடப்போட்டாலும் போகாது, பொரிச்சாலும் போகாது, பிறகு ஃப்ரீசரில வச்சாலும் போகாது. மீன் பாக்கிறதுக்கு நல்லாவே இருக்கும், சிலவேளை வாயில வைக்க மிளகு மாதிரி ஒரு உறைப்பு தெரியும், அவ்வளவுதான். அப்பிடித் தெரிஞ்சா துப்பிப்போட்டு எழும்புங்கோ. விடிய கரையில வாங்கின மீனை சொப்பிங் பையில போட்டு சைக்கிள் ஹாண்டிலில கொழுவிக்கொண்டு நாலு இடம் சுத்தி பத்து மணிக்கு வீட்ட வாற ஆக்கள் எங்கட ஊரில எத்தனை பேர் எண்டு எனக்கும் தெரியும், நானும் அப்பிடித் திரிஞ்ச ஆள்தான். வாங்கினவுடனே ஐஸுக்குள்ள வையுங்கோ.

கூடுதலா ஒரு நாளுக்குள்ள அடங்கிப்போகும், அலர்ஜிக் குளிசை கேக்கும். ஆனா மூச்சு இழுத்தா, தலை சுத்தி விழுந்தா வீட்டில வச்சுப் பாக்காம ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. மீனை விடத் தேவையில்லை, ஆனா அடுத்தமுறை நல்ல மீன் சாப்பிட்டும் உங்களுக்கு மட்டும் வந்தா அப்ப அது வேற கதை, டொக்டரிட்ட காட்டோணும்.

கேள்வி: எனக்கு இறால் சாப்பிட்டா உதடு வீங்கும், உடம்பில தடிப்பு தடிப்பா வரும். போனமுறை தொண்டையும் இறுகினமாதிரி இருந்திச்சு. கலியாண வீடுகளில முதலே ஒரு பிரிட்டோன் (அலர்ஜிக் குளிசை) போட்டிட்டுச் சாப்பிடுறனான். சரிதானே?
உப்புவெளி வாசகர்

பதில்: தம்பி, சரியில்லை, இது விளையாட்டில்லை. உங்களுக்கு மட்டும், ஒவ்வொரு முறையும், அதே சாமானுக்கு வருது. இதுதான் உண்மையான அலர்ஜி. பிரிட்டோன் சொறியைக் குறைக்கும், தொண்டை அடைக்கிறதையோ பிரஷர் விழுறதையோ மறிக்காது, அதைவிட முதல் எச்சரிக்கையையும் மூடிவிட்டுடும். அனபிலக்சிஸ் எண்டுற, உயிருக்கு ஆபத்தான கடும் அலர்ஜி வந்தா உயிரைக் காப்பாத்திற மருந்து அட்ரினலின் ஊசி ஒண்டுதான், அதைத் தொடையிட வெளிப்பக்கத் தசையில போடுவினம். குரல் மாறுது, இழுக்குது, தலை சுத்துது எண்டா 1990க்கு அடியுங்கோ, சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாம வரும். அதுவரைக்கும் ஆளைப் படுக்க வச்சுக் காலை உயர்த்தி வையுங்கோ, எழுப்பி நடக்க விடாதேங்கோ. மூச்சு எடுக்கக் கஷ்டமெண்டா இருக்க விடலாம்.

இறாலில இருக்கிற ட்ரோபோமயோசின் எண்டுற புரதம் சமைச்சாலும் அழியாது, நண்டிலயும் அதே மாதிரி இருக்கு, அதால டொக்டர் பாத்துச் சொல்லும் வரைக்கும் நண்டையும் விடுங்கோ, கணவாயையும் கேட்டிட்டே தொடுங்கோ. மீனிட புரதம் வேற, இவ்வளவு நாளும் மீன் ஒத்துவந்தா பயப்பிடாமச் சாப்பிடலாம். அம்மாமார் இறாலையும் கத்தரிக்காயையும் ஒண்டாச் சேர்த்துக் "கிரந்தி" எண்டுவினம், அதுக்காகக் கத்தரிக்காயையும் விட்டுடாதேங்கோ. தோலில குத்திப் பாக்கிற டெஸ்டுக்குப் போறதெண்டா பிரிட்டோனை எத்தனை நாளுக்கு முதல் நிப்பாட்டோணும் எண்டு கேட்டுக்கொண்டு போங்கோ, இல்லாட்டி டெஸ்ட் பிழைச்சுப்போகும்.

கேள்வி: மகனுக்கு 9 வயசு. விடிய எழும்பினவுடனே பத்துப் பன்னிரண்டு தும்மல், மூக்கால தண்ணி. பள்ளிக்கூடம் போனா இல்லை. அம்மம்மா பனி எண்டுறா.
நிலாவெளித் தாய்

பதில்: பனியெண்டா வெளியில போகத்தான் கூடோணும், இது வீட்டுக்குள்ள எல்லோ கூடுது. தலகாணியைத்தான் நான் முதல்ல சந்தேகப்படுவன். தூசிப்பூச்சி எண்டு கண்ணுக்குத் தெரியாத ஒண்டு, எங்கட தோலில இருந்து உதிருற செதிலைத் தின்டு மெத்தையில வாழும், கடற்கரைக் காத்தில இருக்கிற ஈரம் அதுக்குச் சொர்க்கம். பழைய இலவம்பஞ்சுத் தலகாணியை மாத்துங்கோ, விரிப்பையும் நுளம்பு வலையையும் கிழமைக்கு ஒருக்கா நல்ல சுடுதண்ணியில தோயுங்கோ, 60 பாகை சூடு இருந்தாத்தான் பூச்சி சாகும். ஃபானிட இதழையும் ஈரத்துணியால துடையுங்கோ. டொக்டர் மூக்குக்கு ஸ்ப்ரே தந்தா ரெண்டு நாளில கேக்கேல்ல எண்டு எறியாதேங்கோ, அது முழுசா வேலை செய்யக் கிழமைக்கணக்கும் போகும். இரவில இருமலோ இழுப்போ இருந்தாலும் சொல்லுங்கோ, மூக்கு அலர்ஜியோட தொய்வும் (ஆஸ்துமா) சேர்ந்து வாறது வழமை.

கேள்வி: கவரிங் தோடு போட்டா காது புண்ணாகுது, தங்கம் போட்டா இல்லை. காது கூட வசதி பாக்குமோ?
பேர் போடாத வாசகி

பதில்: பாக்குது அக்கா! கவரிங்குக்குள்ள இருக்கிற நிக்கல்தான் காரணமா இருக்கும். தோட்டிட தண்டுக்கு நிறமில்லாத நகப்பூச்சு ஒண்டு பூசினா ஒரு கலியாண வீட்டுக்குத் தாங்கும், தேய்ஞ்சா திரும்பப் பூசோணும். புண் ஆறும் வரைக்கும் ஒண்டும் போடாதேங்கோ.