தொட்டிக் கலவையில் எவ்வளவு காற்று இருக்கிறது? கேள்வி பதில்

கேள்வி: அக்கா, என் செடித் தொட்டியில் ஊற்றும் தண்ணீர் மறு நிமிடமே அடியில் வந்துவிடுகிறது. அப்படியானால் வேருக்குக் காற்றோட்டம் போதுமானதுதானே?

பதில்: வடியும் வேகத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது. காய்ந்து சுருங்கிய கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) தண்ணீரை எளிதில் ஏற்காது. கலவைக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவே விழுந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் ஓடிவிடும், உள்ளே பாதி நனைந்திருக்காது. கலவை முழுக்க நனைந்து, வடிந்து முடிந்த பிறகு எவ்வளவு இடம் காலியாக நிற்கிறது என்பதே வேருக்குக் கிடைக்கும் காற்று. அதை அளந்துதான் பார்க்க வேண்டும்.

கேள்வி: வீட்டிலேயே அளக்க வழி உண்டா?

பதில்: உண்டு. அளவுக் குவளை, மெல்லிய பாலித்தீன் பை, ஒரு தட்டு போதும். செடி வைக்கப்போகும் அதே தொட்டியை எடுங்கள். ஓட்டையில்லாத பையை உள்ளே சுவரோடு ஒட்ட விரித்து, விளிம்புக்கு 2 செ.மீ. கீழே கோடு போடுங்கள். கோடுவரை பிடிக்கும் தண்ணீரை மி.லி. கணக்கில் குறித்துக்கொண்டு, கொட்டிவிடுங்கள்.

கலவையை முந்தின நாளே நனைத்து வைக்க வேண்டும். அள்ளிப் பிடித்தால் பிடி நிற்கவேண்டும், விரலிடுக்கில் ஓரிரு சொட்டுக்கு மேல் வரக்கூடாது. தொட்டி ஓரமாக அடிவரை ஒரு மெல்லிய குழாயை நிறுத்திவிட்டுக் கலவையைப் போடுங்கள். 5 செ.மீ. உயரத்திலிருந்து ஐந்து முறை தரையில் தட்டி, இறங்கிய அளவுக்குக் கோடுவரை நிரப்புங்கள். கையால் அழுத்தவே கூடாது.

இனி குழாய் வழியே மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். கீழிருந்து ஏறும் தண்ணீர் உள்ளிருக்கும் காற்றை மேலே தள்ளிக்கொண்டு வரும். மேற்பரப்பு பளபளத்ததும் நிறுத்தி, ஒரு மணி நேரம் விட்டு, இறங்கியிருந்தால் மறுபடி ஊற்றுங்கள். மேலே தேங்கி நிற்கும் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

தொட்டியை இரண்டு கட்டைகளின் மேல் நேராக நிறுத்தி, அடியில் தட்டு வைத்து, ஒவ்வொரு வடிகால் துளை வழியாகவும் பையைக் கத்தி நுனியால் கிழியுங்கள். சொட்டுவது நிற்கும்வரை விட்டுவிட்டு, தட்டில் சேர்ந்ததை அளங்கள். அதை முதலில் குறித்த கொள்ளளவால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் காற்றளவின் சதவீதம். 3,000 மி.லி. தொட்டியில் 420 மி.லி. வடிந்தால் 14.

கேள்வி: எத்தனை சதவீதம் நல்லது?

பதில்: பெரும்பாலான தொட்டிச் செடிகளுக்கு 10 முதல் 20. ஆர்க்கிட் போல மரத்தில் ஒட்டி வளர்பவற்றுக்கு 25-க்கு மேல். 20-ஐத் தாண்டினால் அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: ஒரே கலவை, ஒரே தொட்டி. ஒருமுறை 8, மறுமுறை 15 வருகிறது. ஏன்?

பதில்: குறைவாக வந்தால் முதலில் சிக்கிய காற்றைச் சந்தேகியுங்கள். மேலிருந்து வேகமாக ஊற்றினால் காற்றுக் குமிழ்கள் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அங்கே தண்ணீர் நுழையாததால் வடிவதற்கும் ஒன்றும் இருக்காது. பை கசிந்திருந்தாலும், கலவையை அழுத்தியிருந்தாலும் குறையும். கூடுதலாக வந்தால், மேலே தேங்கியதை எடுக்காமல் விட்டிருப்பீர்கள், அல்லது தொட்டி சாய்ந்திருக்கும். வடிந்து நின்ற தொட்டியைச் சாய்த்துப் பாருங்கள், இன்னும் கொஞ்சம் தண்ணீர் கொட்டும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலவை நிரப்பி மூன்று முறை அளந்து, சராசரி எடுங்கள்.

கேள்வி: உயரமான தொட்டியில் 17 வந்த கலவை, தட்டையான தொட்டியில் 9 ஆகிவிட்டது. கலவை கெட்டுவிட்டதா?

பதில்: கலவையில் குறையில்லை. வடிந்தபின்னும் தொட்டியின் அடியில் ஓர் அடுக்கு, ஏறக்குறைய முழுக்கத் தண்ணீர் நிறைந்தே நிற்கும். அதன் உயரத்தைத் தீர்மானிப்பது கலவைத் துகள்களின் பருமன். தொட்டி எவ்வளவு உயரமானாலும் அந்த அடுக்கு மாறாது. அடுக்கு 4 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்: 20 செ.மீ. தொட்டியில் அது ஐந்தில் ஒரு பங்கு, 8 செ.மீ. தொட்டியில் சரிபாதி. அதனால்தான் அதே தொட்டியில் அளக்கச் சொன்னேன். தட்டைத் தொட்டிக்குப் பருமனான கலவை வேண்டும்.

கேள்வி: அடியில் சரளைக்கல் போட்டால் சரியாகுமா அக்கா?

பதில்: ஆகாது. மேலே உள்ள நுண்ணிய கலவை நிரம்பும்வரை தண்ணீரைக் கல்லுக்குள் விடாது. ஈர அடுக்கு கல்லுக்கு மேலே ஏறி நிற்கும், வேருக்குரிய இடம்தான் குறையும்.

கேள்வி: ஐந்தில் ஒரு பங்கு பெர்லைட் (சூட்டில் பொரித்த, எடை குறைந்த வெள்ளை எரிமலைக் கல்) சேர்த்தும் காற்றளவு ஏறவேயில்லை.

பதில்: பெர்லைட் துகள்கள் தனித்தனியே மிதக்க, அவற்றின் இடைவெளியைக் கோகோபீட் தூள் அடைத்துக்கொள்கிறது. பெரிய துகள்கள் ஒன்றையொன்று தொடும் அளவுக்குச் சேர்ந்தால்தான் நடுவே வெற்றிடம் நிற்கும். இன்னும் சேர்ப்பதற்கு முன் 2 மி.மீ. சல்லடையில் இரண்டையும் சலித்து, தூளை எடுத்துவிட்டு அளந்து பாருங்கள். மெல்லிய மணல் சேர்ப்பது நேர் எதிர் வேலை செய்யும்.

கேள்வி: பழைய தொட்டிக் கலவையை மறுபடி பயன்படுத்தலாமா?

பதில்: அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள். மட்கும் பொருள்கள் காலப்போக்கில் பொடியாகி, கலவை அமிழ்ந்து, காற்றளவு இறங்கும். 10-க்குக் கீழே போயிருந்தால் சலித்து, பருமனான மரப்பட்டைத் துண்டோ தேங்காய் மட்டைத் துண்டோ சேர்த்து மறுபடி அளங்கள். மண்புழு உரத்தைக் கூட்டினால் சத்து ஏறும், காற்று இன்னும் குறையும்.