மொட்டைப் பாறை என்று சொல்லிவிட்டீர்களே!

கேள்வி: கோடை விடுமுறைக்கு ஊட்டி போகலாம் என்று பார்த்தால் அறை வாடகை கட்டுப்படியாகவில்லை. இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும். குடும்பத்தோடு மூன்று நாள் போய்வர, நல்ல சாப்பாடு சாப்பிட, கொஞ்சம் மலை ஏற நம் பக்கத்திலேயே இடம் உண்டா? ஒகேனக்கல் போய்ப் போய் அலுத்துவிட்டது. மற்றபடி தருமபுரி, கிருஷ்ணகிரியில் இருப்பதெல்லாம் மொட்டைப் பாறைதானே? காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்கிறான் என் தம்பி. அது சரிப்படுமா?
– ஒரு வாசகர், காரிமங்கலம்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். சரிப்படாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் அந்த 'மொட்டைப் பாறைதானே' என்ற சொல்லைப் பேசியாக வேண்டும். குன்றின் மேல் கோயில் வைத்திருக்கும் காரிமங்கலத்தில் இருந்துகொண்டு நீங்கள் அப்படிக் கேட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மலை என்றால் ஸ்வெட்டர் போடுகிற இடம், தேயிலைத் தோட்டம், படகுத்துறை என்று நமக்குப் பழகிவிட்டது. அந்தக் கண்ணோடு பார்த்தால் நம் மலைகள் வெறும் கல்லாகத்தான் தெரியும். ஆனால் இந்தப் பக்கத்து வாழ்க்கையே அந்தக் கல்லில் இருந்துதான் எழுந்தது. கோட்டை கட்டியது அந்தக் கல்லில். மாடு மீட்கப் போய்ச் செத்த வீரனுக்கு நட்டது அந்தக் கல்லை. உச்சியில் கோடையிலும் ஒரு குடம் தண்ணீர் வைத்திருக்கும் சுனையும் அந்தக் கல்லின் குழியில்தான். மொட்டையாக இருப்பதில் இன்னொரு வசதி, மேலே ஏறி நின்றால் நாலு திசையும் மறைப்பில்லாமல் தெரியும். அதனால்தானே அன்றைக்குக் கோட்டை கட்ட இந்த மலைகளைத் தேடி வந்தார்கள்?

ராயக்கோட்டையில் தொடங்குங்கள். தருமபுரியிலிருந்து ஓசூர் போகிற ரயிலிலேயே போய் இறங்கலாம். ஊருக்குள் எங்கே நின்றாலும் கோட்டை மலை தலைக்கு மேல் நிற்கும். பெங்களூரு மேட்டு நிலத்திலிருந்து கீழே இறங்கும் வழியைக் காத்த கோட்டை இது. 1791இல் மூன்றாம் மைசூர்ப் போரின்போது கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி மேஜர் கௌடியின் படை இதைத் திப்புவின் ஆட்களிடமிருந்து பிடித்தது. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் முழுவதும் கம்பெனியின் கைக்குப் போனது. நம் இரண்டு மாவட்டங்களின் பெரும்பகுதி அந்தப் பாராமகால்தான். பள்ளிக்கூடத்தில் 'பாராமகால்' என்று படித்துவிட்டு மறந்திருப்பீர்கள். பிள்ளைகளை மேலே கூட்டிப்போய் உட்காரவைத்து, கீழே போகிற சாலையைக் காட்டிச் சொன்னால் அந்தச் சொல் அவர்களுக்கு மறக்காது. பாதி வழி படி, மீதி பாறை. நிதானமாக ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகலாம். இடிந்த மதிலும், கூரை போன கட்டடங்களும், பாசி பிடித்த சுனையும் மேலே இருக்கின்றன. சுனையில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள், பாசி வழுக்கும், ஆழமும் தெரியாது.

கிருஷ்ணகிரி ஊரை ஒட்டிய சையத் பாஷா மலையும் இதே வகைதான். அதன் மேலும் ஒரு கோட்டை இருக்கிறது. ஒன்று ஏறினால் போதும், இரண்டையும் ஒரே பயணத்தில் ஏறிக் காலை நோகடிக்க வேண்டாம்.

என் மனம் அதிகம் நிற்கிற இடம் மல்லசந்திரம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு குன்றின் மேல் கூட்டம் கூட்டமாகக் கல்திட்டைகள் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் பாண்டவர் வீடு என்பார்கள். இரும்புக் காலத்தில் இறந்தவர்களுக்காக எழுப்பிய கல்வீடுகள் அவை. வெயிலில் காய்ந்து இரவில் குளிர்ந்து, பாறையின் மேல்தோல் வெங்காயச் சருகு மாதிரி பலகை பலகையாகப் பிரியும். அப்படிப் பிரிந்த பலகைகளை நாலு பக்கமும் நிறுத்தி, மேலே ஒரே பலகையை ஏற்றி மூடியிருக்கிறார்கள். ஒரு பக்கத்துக் கல்லில் மட்டும் வட்டமாக ஒரு துளை. கிட்டப் போய் அந்தத் துளையின் விளிம்பில் விரலை வைத்துப் பாருங்கள். அத்தனை காலத்துக்குப் பிறகும் வளைவு பிசகாமல் இருக்கும். சிலவற்றின் உள்சுவரில் வெள்ளை நிறத்தில் வரைந்த உருவங்கள் மங்கலாக இருக்கும். கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருந்தால்தான் தெரியும். டார்ச்சை அடித்து, ஈரத்துணியால் துடைத்துப் பார்க்கிற வேலை வேண்டாம். போன முறை நான் போனபோது ஒரு திட்டைக்குள் யாரோ அடுப்பு மூட்டிச் சமைத்திருந்தார்கள், மேல் பலகை முழுக்கக் கரி. பக்கத்துக் கல்லில் ஆயில் பெயின்ட்டால் இரண்டு பேர்கள். எனக்குத் திரும்பி வர மனமே இல்லை, அழிக்கவும் வழியில்லை. உங்கள் பிள்ளைகளிடம் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்: இது ஒருவருடைய சமாதி.

அதே கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையையும் இதே வரிசையில் வையுங்கள். அங்கே நடந்த அகழாய்வில் இரும்புக்குக் கிடைத்த காலக்கணிப்பு கி.மு. 2172. 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நாலாயிரம் ஆண்டுக்கு முன் தமிழ் நிலத்தில் இரும்பு இருந்தது என்று சொன்னது நீங்கள் மொட்டைப் பாறை என்று ஒதுக்கிய ஒரு இடம்தான்.

சரி, நேரம். இதில் தவறினால் நான் சொன்னது எல்லாம் கெட்டுப்போகும். நம் மலைகளைக் கோடையில் பத்து மணிக்கு மேல் ஏறக் கூடாது. பாறை சூடேறிவிட்டால் செருப்பைத் தாண்டிச் சுடும், நிழலுக்கு ஒரு மரம் இருக்காது. விடியற்காலை ஐந்தரைக்கு அடிவாரத்தில் இருங்கள், ஒன்பதுக்குள் கீழே இறங்கிவிடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு துண்டு, பிள்ளைகளுக்குத் தொப்பி. ஐப்பசியிலிருந்து தை வரைதான் உண்மையில் இந்தக் குன்றுகளுக்கான பருவம். உங்களால் பள்ளி விடுமுறையில்தான் போக முடியும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

ஒன்பது மணிக்கு இறங்கினால் பசி எப்படி இருக்கும்! அப்போது இட்லிக் கடையைத் தேடாதீர்கள். கேழ்வரகுக் களி கிடைக்கிற இடத்தைக் கேளுங்கள். நம் ஊர்க் களி, நொய்யைக் குழைய வேகவைத்து, மேலே கேழ்வரகு மாவைக் குவியலாகப் போட்டு, நடுவில் துடுப்பால் ஓட்டை போட்டு வேகவிட்டுக் கிண்டுவது. கிண்டுகிறவரின் தோள் இறங்கினால்தான் களி கட்டியில்லாமல் வரும். ஈரக்கையால் உருட்டிய உருண்டையில் கட்டைவிரலால் ஒரு குழி, அதில் கீரைக் கடைசலோ கருவாட்டுக் குழம்போ. மெல்லக் கூடாது, விண்டு தோய்த்து விழுங்க வேண்டும். தருமபுரிக்காரருக்கு இதை நான் சொல்லித்தருவதா என்று கேட்பீர்கள். ஆனால் இப்போது எத்தனை வீட்டில் வாரத்துக்கு ஒரு நாளாவது களி கிண்டுகிறோம்? உங்கள் பிள்ளைகள் கடைசியாக எப்போது சாப்பிட்டார்கள்? எல்லாக் கடையிலும் இருக்காது, முந்தின நாளே சொல்லிவைத்தால் செய்துகொடுக்கிற சின்ன மெஸ்கள் உண்டு. வெயில் நாளில் காலைக்குக் கூழும் மோரும் சின்ன வெங்காயமும் போதும். காவேரிப்பட்டணம் வழியாகப் போனால் நிப்பட்டு வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சமாவது குளிர் வேண்டும் என்றால் வத்தல்மலை. தருமபுரியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவுகள் அடுத்தடுத்து வரும், வளைவு ஓட்டிப் பழக்கமில்லாதவர் ஸ்டியரிங் பிடிக்க வேண்டாம். மேலே மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள். காபி, மிளகு, சாமை, கேழ்வரகு எல்லாம் விளைகிற மலை. சாலை வருவதற்கு முன் நோயாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிய மக்கள் அவர்கள். பெரிய ஓட்டல்களையும் பூங்காக்களையும் எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துவிட்டதாகப் பேசுவீர்கள். காபியும் மிளகும் விளைவித்தவரிடமே கேட்டு வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். வீட்டு முற்றத்தில் நின்று கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

தீர்த்தமலைக்குப் பாட்டி தாத்தாவோடு போகலாம். அரூரிலிருந்து 16 கிலோமீட்டர். அருணகிரிநாதர் பாடிய தலம். படி ஏறித் தீர்த்தகிரீஸ்வரரைக் கும்பிட்டு, பாறை உச்சியிலிருந்து விழுகிற ராமர் தீர்த்தத்தில் தலையைக் காட்டினால் ஏறின களைப்பு அங்கேயே போய்விடும். ஏற முடியாத பெரியவர்களுக்கு அடிவாரத்திலும் கோயில் இருக்கிறது. குரங்குகள் பையைப் பிடுங்கும், தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள்.

ஒகேனக்கல் அலுத்துவிட்டது என்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போய், எண்ணெய் தேய்த்துக் குளித்து, கூட்டத்தில் இடிபட்டுத் திரும்பினால் யாருக்கும் அலுக்கும். வாரநாளில் போங்கள். மீனை நீங்களே பார்த்து வாங்கி, அங்கே அடுப்பு வைத்திருக்கும் அக்காக்களிடம் கொடுத்தால் குழம்பும் வறுவலும் செய்து தருவார்கள். அவர்கள் மசாலா அரைக்கிறதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், பரிசலுக்கு அவசரப்படாதீர்கள். நீர்வரத்து கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள். அப்போது தனியாக ஆள் பிடித்து மறைவான துறையில் ஏறுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

இனி உங்கள் தம்பிக்கு. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்துக் காடுகள் யானைகளின் வீடு. காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014இலும் காவிரி தெற்கு 2022இலும் அறிவிக்கப்பட்டவை. கர்நாடகக் காடுகளோடு ஒட்டிக் கிடக்கிற பெரிய காடு அது. யானை நடமாட்டம் இரவில்தான் அதிகம், தண்ணீர் இருக்கிற இடத்துக்குத்தான் வரும். கூடாரம் போடுகிறவனும் தண்ணீர் இருக்கிற இடத்தைத்தான் தேடுவான். சமைக்க மூட்டும் நெருப்பு இன்னொரு ஆபத்து. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் 23 பேர் போனார்கள். அதற்குப் பிறகும் அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போவதை வீரம் என்று ஒருவர் பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. உங்களுக்கு ஏதாவது ஆனால், உங்களைத் தேடி இரவில் காட்டுக்குள் வரப்போகிறவர் மாதச் சம்பளம் வாங்குகிற ஒரு வனக்காப்பாளர். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

காட்டில் நடக்க ஆசை என்றால் நேர்வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு நாற்பது மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் குத்திராயன் உச்சி, அய்யூர் – சாமி ஏரி ஆகிய பாதைகள் அதில் உண்டு. இணையத்தில் முன்பதிவு செய்தால், காட்டை ஒட்டிய ஊர்களைச் சேர்ந்த வழிகாட்டிகள் கூட வருவார்கள். கட்டணத்தில் அவர்கள் வீட்டு அடுப்பும் எரிகிறது. காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள், கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குத்திராயன் பழகியவர்களுக்கு. உங்கள் குடும்பத்துக்கு சாமி ஏரி போதும்.

ஆக மூன்று நாள் என்றால், முதல் நாள் காலை ராயக்கோட்டை, மறுநாள் மல்லசந்திரம், மூன்றாம் நாள் வத்தல்மலையோ தீர்த்தமலையோ. நடுவில் மதியம் முழுக்கத் தூங்குங்கள், விடுமுறைக்குத்தானே போகிறீர்கள்.

மே, ஜூனில் போகிறீர்கள் என்றால் கிருஷ்ணகிரிச் சாலையோரம் மாம்பழம் குவிந்து கிடக்கும். பெங்களூரா பெரும்பாலும் மாங்கூழ் தொழிற்சாலைக்குப் போகிற ரகம், உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக் காயாகத் தின்னத்தான் அது ருசி. பழமாகச் சாப்பிட செந்தூராவோ இமாம்பசந்தோ கேளுங்கள். கூடையாக வாங்கினால் அடியில் இருக்கிற பழத்தையும் ஒருமுறை எடுத்து முகர்ந்து பார்த்து வாங்குங்கள், காம்பைச் சுற்றி வாசனை வர வேண்டும்.