மேகக் கணினிகளில் மென்பொருளை ஒவ்வொன்றாக நிறுவ வேண்டுமா?

ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி அலுவலகம், இருபது அமேசான் ஒர்க்ஸ்பேசஸ் கணினிகள் (அமேசானின் சர்வரில் ஓடி, இணையம் வழியாகத் திறக்கும் விண்டோஸ் கணினிகள்), கணக்கு மென்பொருளை இருபது முறை நிறுவ வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஒரு கணினியில் நிறுவிச் சரிபார்த்து, அதை இமேஜாக, அதாவது விண்டோஸும் மென்பொருளும் சேர்ந்த அச்சாக எடுத்து, அதிலிருந்து பண்டில் உருவாக்குங்கள். இமேஜும் கணினியின் திறன் அளவும் சேர்ந்த வார்ப்புதான் பண்டில். புதிய கணினிகள் அந்த மென்பொருளுடனேயே பிறக்கும்.

பலர் இடறுவது இதற்குப் பிறகுதான். பண்டிலில் இமேஜை மாற்றினால் ஏற்கெனவே ஓடும் கணினிகள் தாமாக மாறுவதில்லை. ஒவ்வொன்றையும் ரீபில்ட் செய்ய வேண்டும், அதாவது பண்டிலிலிருந்து மறுபடி கட்ட வேண்டும். அப்போது சி டிரைவ் புதிய இமேஜுக்குப் போய்விடும். பயனரின் கோப்புகள் இருக்கும் டி டிரைவோ கடைசி ஸ்னாப்ஷாட்டிலிருந்து, அதாவது தானாக எடுக்கப்பட்ட கடைசி நகலிலிருந்து திரும்பும். அது 12 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் எடுக்கப்படுகிறது.

ஆம்பூரில் ஒரு காலணி நிறுவனத்துக்காக மாலை நான்கு மணிக்கு அவசரப்பட்டு ரீபில்ட் கொடுத்தேன். காலையிலிருந்து அங்கே வேலை பார்க்கும் அம்மா தட்டி வைத்திருந்த பேக்கிங் லிஸ்ட் போயே போய்விட்டது. கன்டெய்னர் மறுநாள் சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும். இரவு பத்து மணி வரை நான் வாசிக்க, அவர் மறுபடி தட்டினார். இப்போதெல்லாம் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுக்காமல் அந்தப் பொத்தானைத் தொடுவதில்லை.

மாதாமாதம் மாறும் மென்பொருளை இமேஜில் சேர்க்காதீர்கள், எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து அமைப்புகளை அனுப்பும் விண்டோஸ் வசதியான குரூப் பாலிசி வழியாக அனுப்புங்கள். ஆட்டோஸ்டாப் முறையில், அதாவது பயன்படுத்தாதபோது தானாக நிற்கும் முறையில், அணைந்து கிடக்கும் கணினிக்கு, அது மறுபடி ஓடத் தொடங்கிய பிறகுதான் அந்த மென்பொருள் போய்ச் சேரும்.