பதில்: கட்டுரையை விடுங்கள், கோலத்தை எடுங்கள்

வணக்கம் டீச்சர். பொங்கல் பற்றி ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கைடில் இருப்பதை அப்படியே ஒப்பிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நானும் பட்டிருக்கிறேன்.

இரண்டு பிள்ளைகளை முதுகோடு முதுகாக உட்கார வையுங்கள். ஒருவர் கையில் சின்னப் புள்ளிக் கோலம். நேர்ப்புள்ளி, 5-லிருந்து 1 வரை (நடு வரிசையில் 5, அதற்கு மேலும் கீழும் 3, அப்புறம் 1) போதும். மற்றவரிடம் வெறும் தாள். ‘புட் ஃபைவ் டாட்ஸ் இன் தி மிடில், த்ரீ டாட்ஸ் அபவ்’ என்று இவர் சொல்லச் சொல்ல அவர் வரைய வேண்டும். சொன்னது தப்பானால் கோலமே கோணிக்கொள்ளும், நீங்கள் திருத்தவே வேண்டாம். ‘பிலோ’, ‘பிட்வீன்’, ‘அரவுண்ட்’ எல்லாம் தேவைப்பட்டுத்தான் வாயில் வரும். என் வகுப்பில் ஒரு பையனுக்கு ‘கர்வ்’ என்ற வார்த்தை தெரியவில்லை. ‘லைக் ஸ்நேக், லைக் ஸ்நேக்’ என்று கையை ஆட்டிச் சமாளித்தான். எனக்கு அது போதும்.

அப்புறம் லீவு. போகும் முன் போகி முதல் காணும் பொங்கல் வரை நாலு நாளுக்கும் ‘ஐ வில்’ போட்டு ஒவ்வொரு வாக்கியம். திரும்பி வந்ததும் அதையே இறந்த காலத்தில். ‘கோ’ என்பது ‘வென்ட்’ ஆவது அப்போதுதான் பதியும். ‘பொங்கலோ பொங்கல்’ என்பதை மட்டும் மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள், பாவம்.

பொங்கல் வைக்காத வீட்டுப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் ரம்ஜானையோ கிறிஸ்துமஸையோ சொல்லட்டும். மற்றவர்கள் நிஜமாகவே தெரியாமல் கேள்வி கேட்பார்கள்.