லூஸ் மோஷன் நின்னுச்சான்னு பாக்காதீங்க, மூத்திரம் போறானான்னு பாருங்க

கேள்வி: தாராவியில இருக்கோம் டாக்டர். பையனுக்கு ஒன்றரை வயசு. மூணு நாளா வயித்தால போகுது, ஒரு நாளைக்கு எட்டு பத்து தடவ. மெடிக்கல்ல ஆரஞ்சு ஃபிளேவர் ஓஆர்எஸ் டப்பா வாங்கி குடுத்தேன், இன்னும் ஜாஸ்தியா தான் போகுது. மாமியார் தாய்ப்பால நிறுத்துங்கறாங்க, பல்லு முளைக்குது அதான்னும் சொல்றாங்க. டக்குனு நிக்கறதுக்கு ஒரு மருந்து சொல்லுங்களேன்.

பதில்: மழை ஆரம்பிச்சா போதும், எங்க கிளினிக்ல பாதி பேர் "ஜுலாப் டாக்டர்"னு (பேதியத் தான் இங்க அப்படி சொல்வாங்க) உள்ள வருவாங்க, எல்லாரும் கேக்கறது நீங்க கேட்ட அதே மருந்து தான். இந்த வயசுல பெரும்பாலும் வைரஸ், அது அஞ்சு ஏழு நாள் இருந்துட்டு தானா போகும், ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. பெரியவங்க போட்டுக்கற மோஷன் நிக்கற மாத்திரை இருக்கே, அத குழந்தைக்கு குடுக்கவே கூடாது, குடல் அசையாம நின்னு வயிறு உப்பிக்கும்.

இப்ப அந்த டப்பா விஷயம். டப்பாவ திருப்பி சர்க்கரை எவ்வளவுன்னு பாருங்க. சரியான ஓஆர்எஸ்ல 1 லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் தான், சாதா ஜூஸ்ல 100 மில்லிக்கே சுமார் 10 கிராம் வந்துடும். சர்க்கரை அவ்வளவு இருந்தா குடல் உடம்புல இருக்கற தண்ணிய உள்ள இழுத்துக்கும், பேதி ஜாஸ்தியாகும், உங்க பையனுக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும்னு நினைக்கறேன். டபிள்யூஹெச்ஓ, அதான் உலக சுகாதார அமைப்பு, அவங்க ஃபார்முலா இல்லாத பானத்துக்கு பேர்ல ஓஆர்எஸ்னு போடக்கூடாதுன்னு 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்ப பாத்துக்கற மத்திய அமைப்பு எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவே போட்டுச்சு, அதனால கடையில "ஓஆர்எஸ் குடுங்க"ன்னு மட்டும் கேக்காதீங்க, "டபிள்யூஹெச்ஓ ஃபார்முலா பவுடர் பாக்கெட்"னு கேளுங்க, பாக்கெட்டுலயும் அது எழுதியிருக்கணும்.

கலக்கறதுல தான் நெறைய பேர் கோட்ட விடறாங்க. 1 லிட்டர் பாக்கெட்ட கொஞ்சம் கொஞ்சமா டம்ளர்ல தட்டி கலக்காதீங்க, உப்பு தூக்கலாகி அதுவே ஆபத்து. காய்ச்சி ஆறின தண்ணிய 1 லிட்டர் வாட்டர் பாட்டில்ல அளந்து பாத்திரத்துல ஊத்தி முழு பாக்கெட்டையும் ஒரே தடவ போடுங்க, மூடி வைங்க, 24 மணி நேரத்துக்கு மேல வேணாம். கூட சர்க்கரையோ ஜூஸோ சேக்காதீங்க. ஒவ்வொரு தடவ போனதும் 50லேருந்து 100 மில்லி, அதுவும் பாட்டில்ல இல்ல, ஸ்பூன்ல, ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். வாந்தி எடுத்துட்டா பத்து நிமிஷம் விட்டு மறுபடி இன்னும் மெதுவா. கை வலிக்கும், மாமியார்கிட்ட மாத்தி மாத்தி குடுங்க, அவங்களுக்கும் ஒரு வேலை ஆச்சு.

ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, ஓஆர்எஸ் பேதிய நிறுத்தற மருந்து இல்ல, வெளிய போற தண்ணிய உள்ள போடறது, அவ்வளவு தான். 1971ல பங்களாதேஷ் அகதிங்க முகாம்ல காலரா வந்து சலைன் பாட்டில் தீர்ந்து போனப்ப, திலீப் மஹலநபிஸ்னு ஒரு டாக்டர் இதே உப்பு குளுக்கோஸ் தண்ணிய டிரம்ல கலக்கி குடுக்க வெச்சு தான் ஆயிரக்கணக்கான பேர காப்பாத்தினாரு.

தாய்ப்பால நிறுத்தவே வேணாம், இப்ப தான் ஜாஸ்தி குடுக்கணும். குழைஞ்ச பருப்பு சாதம், தயிர் சாதம், இட்லி, வாழைப்பழம், எது எடுத்துக்கறானோ குடுங்க, பட்டினி போட்டா குடல் ஆற லேட்டாகும். பல்லு முளைக்கறதுக்கும் பேதிக்கும் சம்பந்தமில்ல, அந்த வயசுல கையில கெடச்சத எல்லாம் வாயில வைக்கறானே, கிருமி அப்படி போகுது. உரம் விழுந்திருக்குன்னு யாராவது புடவையில போட்டு உருட்டறேன்னு வந்தா தயவு செஞ்சு விடாதீங்க.

கூட ஜிங்க் (துத்தநாக சத்து) மருந்து, ஆறு மாசத்துக்கு மேல தினம் 20 மில்லிகிராம், 14 நாள். பேதி நின்னாலும் 14 நாளும் குடுக்கணும். சிரப்னா எத்தன மில்லின்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, ஒவ்வொரு கம்பெனிக்கும் அளவு மாறும்.

மூணு நாள் ஆயிடுச்சு, அதனால நாளைக்கு எப்படியும் ஒரு தடவ குழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்க. ஆனா ஆறு மணி நேரமா மூத்திரம் போகல, அழுதா கண்ணீர் வரல, கண்ணு உள்ள போயிருக்கு, துவண்டு கெடக்கறான், குடிக்கவே மாட்டேங்கறான், மலத்துல ரத்தம், வயித்து தோல கிள்ளி விட்டா மெதுவா திரும்புது, இதுல ஒண்ணு இருந்தாலும் காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, ராத்திரி எத்தன மணியா இருந்தாலும் டாக்ஸி புடிச்சு சயான் ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க, போற வழியிலயும் ஸ்பூன்ல ஊட்டிக்கிட்டே போங்க.