சுங்கை பூலோவில் கழியும் சனிக்கிழமைகள்: ஒரு தாயாருக்கு மறுமொழி

அன்புள்ள அம்மா, வணக்கம்.

தொடக்கக் கல்லூரி முதலாண்டில் படிக்கும் உங்கள் மகள், சனிக்கிழமைத் துணைப்பாட வகுப்பைத் தவிர்த்துவிட்டுச் சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் பறவைகளை எண்ணப் போகிறாள் என்றும், மேற்படிப்புக்கு உதவாதென்றால் இப்போதே நிறுத்திவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நிறுத்த வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

அவள் அங்கே செய்வது என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். காப்பகத்தின் குளங்கள் ஒரு காலத்தில் இறால் வளர்த்த குட்டைகள். ஜொகூர் நீரிணையில் ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், ஏறிச் சேற்றுநிலம் மூழ்கும்போது, அதுவரை அங்கே இரை பொறுக்கிய கரைப்பறவைகள், மதகுகளால் நீர்மட்டம் கட்டுப்படுத்தப்படும் இந்தக் குளங்களுக்கு வந்து ஒதுங்கும். எண்ணுவதற்கு அதுவே தக்க நேரம். சைபீரியா போன்ற வடபுலங்களிலிருந்து வரும் பறவைகள் செப்டம்பர் முதல் மார்ச் வரை இங்கே இளைப்பாறும். 1993ல் பூங்காவாகத் திறக்கப்பட்ட இவ்விடம் 2002ல் சட்டப்படி இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஒரு நாள் எண்ணிக்கையை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. ஒரே இடத்தில், ஒரே முறையில், பருவந்தோறும் எண்ணினால்தான் எந்த இனம் குறைகிறது, எது கூடுகிறது என்பது தெரியவரும். அதற்குத்தான் சொன்ன நாளில் தவறாமல் வரும் தொண்டூழியர்கள் தேவைப்படுகிறார்கள். (அங்கே உவர்நீர் முதலைகள் உண்டு என்பது உண்மையே; நடைபாதையைவிட்டு இறங்காமல், பொறுப்பாளர் சொற்படி நடந்தால் அஞ்ச வேண்டியதில்லை.)

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வந்த மாணவர் ஒருவர் தம் களக்குறிப்பேட்டைக் காட்டினார். மழையில் நனைந்து மை பரவியிருந்த ஒரு பக்கத்தில் தேதி, நேரம், ஓதத்தின் அளவு, மேகமூட்டம் எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. அதன்கீழ் பவளக்காலி, பச்சைக்காலி, உப்புக்கொத்தி எனக் கரைப்பறவைகளின் ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் 0 என்றே இருந்தது. "இவ்வளவு நேரம் உட்கார்ந்தும் ஒன்றுமே கிடைக்கவில்லையா?" என்று கேட்டேன். "வரவில்லை என்பதையும் எழுத வேண்டும் சார், இல்லையென்றால் நாங்கள் அன்று போகவே இல்லை என்று ஆகிவிடும்" என்றார். வீட்டில் இருப்பவர்களுக்கு அது வீணாய்ப்போன சனிக்கிழமை. அறிவியல் படித்தவர்களுக்கோ, ஆசைக்காக ஓர் எண்ணைக்கூடக் கூட்டி எழுதாத கை அது என்பது உடனே விளங்கும்.

ஆகவே எத்தனை மணிநேரம் தொண்டு செய்தாள் என்று சான்றிதழில் வரும் வரியைப் பெரிதாக நினைக்காதீர்கள். அத்தகைய வரி பலரிடமும் இருக்கும். பவளக்காலியையும் பச்சைக்காலியையும் தொலைவிலிருந்து எப்படிப் பிரித்தாள், ஐயம் வந்தபோது என்ன எழுதினாள், அந்தக் குறிப்புகளிலிருந்து என்ன கேள்வி எழுந்தது என்பவற்றைப் பல்கலைக்கழக நேர்முகத்தில் தன் சொற்களில் சொல்ல முடிந்தால், அதுதான் அவளுக்குக் கைகொடுக்கும்.

வேலையைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன். தேசியப் பூங்காக் கழகம், இயற்கை வரலாற்று அரும்பொருளகம், கட்டுமானத்துக்கு முன் சுற்றுச்சூழல் பாதிப்பை ஆராயும் ஆலோசனை நிறுவனங்கள் என இத்துறையில் இடங்கள் இருக்கின்றன, ஆனால் ஏராளமாக இல்லை. கள அனுபவத்தோடு புள்ளியியலும் கணினியில் நிலவரைபடம் ஆக்கும் திறனும் சேர்ந்தவர்களுக்கே வாய்ப்பு விரிகிறது. நாளை அவள் மனம் மாறினாலும் அவ்விரண்டும் வேறு துறையில் சோறு போடும். எனவே மேல்நிலைத் தேர்வுக்குரிய எச்2 கணிதத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் அவள் விட்டுவிடக் கூடாது.

இனி நேரக் கணக்கு. ஓத அட்டவணை முன்கூட்டியே கிடைத்துவிடும் என்பதால், மாதத்துக்கு எந்த இரண்டு சனிக்கிழமைகள் என்பதை முதலிலேயே குறித்துக்கொண்டு, துணைப்பாட ஆசிரியரிடம் மற்ற வாரங்களுக்கு நேரம் மாற்றிக் கேட்கலாம். ஆண்டிறுதித் தேர்வு முடியும்வரை குறைத்துக்கொண்டு, பறவைகள் நிறைந்திருக்கும் நவம்பர், டிசம்பர் விடுமுறையில் மனநிறைவோடு போகட்டும். இரண்டாம் ஆண்டில் வலசைப் பருவமும் மேல்நிலைத் தேர்வும் ஒன்றாக வரும்; அந்த ஆண்டு மார்ச்சோடு அவள் விடைபெற்றுக்கொள்ள வேண்டும், அதைப் பொறுப்பாளரிடம் இப்போதே சொல்லிவைப்பது மரியாதை.

அடுத்த சந்திப்புக்கு அவளையும் அழைத்து வாருங்கள். குறிப்பேட்டை மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒருநாள், அதில் ஒரு பக்கத்தை உங்களுக்கு விளக்கும்படி அவளிடமே கேட்டுப் பாருங்கள்.