போர்டில் போட்டுக் காட்டினால் போதுமா?

கேள்வி: அண்ணாச்சி, நான் அம்பாசமுத்திரம் பக்கம் ஆசிரியர் பயிற்றுநர். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் கணக்கு ஆசிரியர்களிடம் எடுத்துக்காட்டுக் கணக்குகளை வைத்து நடத்தச் சொன்னால், "தினமும் அதைத்தானே சார் செய்யுதோம்" என்று சிரிக்கிறார்கள். புதிதாக என்னத்தைச் சொல்ல?
- வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: சிரிக்கத்தான் செய்வார்கள். ஒரு கணக்கைப் போர்டில் போட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு, பயிற்சிக் கணக்கு பத்தையும் வீட்டுப்பாடமாகத் தள்ளிவிடுவதுதான் வழக்கம் (அந்தப் பத்தையும் போடுவது டியூஷன் அக்கா). 1985இல் ஆஸ்திரேலியாவில் ஸ்வெல்லர், கூப்பர் என்ற ஆய்வாளர்கள் இயற்கணிதத்தில் சோதித்தது வேறு முறை: தீர்த்த கணக்கு ஒன்று, உடனே அதே மாதிரி தீர்க்காத கணக்கு ஒன்று, இப்படி ஜோடி ஜோடியாக. எல்லாவற்றையும் தாங்களே போட்டவர்களைவிட இந்தப் பிள்ளைகள் சீக்கிரம் படித்தார்கள், அதே வகைக் கணக்கில் தப்பும் குறைவு. மாதிரி மாறிய கணக்கில் மட்டும் அந்த அனுகூலம் தெரியவில்லை, இதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சரி, எதிர் விகிதத்தை எடுங்கள். 6 பேர் 10 நாளில் நடும் வயலை 15 பேர் எத்தனை நாளில் நடுவார்கள்? 6 × 10 = 60, அதன் பக்கத்திலேயே "மொத்த வேலை" என்று எழுத வேண்டும், போர்டின் வேறு மூலையில் எழுதினால் பிள்ளையின் கவனம் அங்கும் இங்கும் அலையும். 60 ÷ 15 = 4. இங்கே நிறுத்தி, ஏன் முதலில் பெருக்கினோம் என்று பிள்ளைகளைச் சொல்லவைக்க வேண்டும். ஒருவன் நேர் விகிதமாகப் போட்டு 25 நாள் என்பான். ஆள் கூடினால் நாளும் கூடுமாலே என்று பக்கத்துப் பையனே மடக்கிவிடுவான். அடுத்த கணக்கு: 8 பேர், 9 நாள், 12 பேருக்கு எத்தனை நாள்? இதில் 72 வரை நீங்கள் எழுதுங்கள், கடைசி வரி அவர்களுக்கு. அதற்கடுத்ததில் இரண்டு வரியும் அவர்களே.

கூட்டத்தையும் இதே போல நடத்துங்கள், தயவுசெய்து பவர்பாயிண்ட் வேண்டாம். பத்து நிமிடப் பாடம் ஒன்றை நீங்களே நடத்தி, எந்த வரியை ஏன் விட்டீர்கள் என்று சொல்லுங்கள். அப்புறம் பாதி எழுதிய பாடக்குறிப்பைக் கொடுத்து முடிக்கச் சொல்லுங்கள். கடைசியில் ஆளுக்கொரு பாடம் அவர்களே எழுதி, சக ஆசிரியர்களுக்கு நடத்திக் காட்டட்டும். பிறகு வகுப்புக்கே போய்ப் பாருங்கள். கூட்டத்தில் தலையாட்டியதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: இப்படிப் பார்த்தே போட்டால் பிள்ளைக்குக் காப்பியடிக்கிற பழக்கம் வந்துவிடாதா?
- ஒரு தாய், வள்ளியூர்

பதில்: விடையை மட்டும் பார்த்து எழுதினால் வரும்தான். அதனால்தான் ஒவ்வொரு வரிக்கும் காரணம் கேட்கச் சொல்கிறேன். ஆனால் உங்கள் மகள் தானாகவே போட ஆரம்பித்துவிட்டால் எடுத்துக்காட்டை எடுத்துவிடச் சொல்லுங்கள், தெரிந்த பிள்ளைக்கு அது இடைஞ்சல்.